தறி ஓடும் தெருவில் சைக்கோவ்ஸ்கி

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் ஒரு தெருவில், பகல் பதினோரு மணிக்கு, சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியைச் செல்போனில் போட்டுக் கேட்பவருக்கு முதல் பகுதியின் பாதியில் ஒரு சந்தேகம் வரும். இசை நின்றுபோனதுபோல இருக்கும். சிக்னல் போய்விட்டதோ என்று திரையைப் பார்ப்பார். நேரம் காட்டும் கோடு நகர்ந்துகொண்டுதான் இருக்கும். சரியென்று சத்தத்தைக் கூட்டுவார். அடுத்த நொடி மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே அடியாக விழும். போனின் ஸ்பீக்கர் பதறும்; கேட்டவரும் பதறுவார்.

இசை நிற்கவே இல்லை. மேற்கத்திய இசைக்குறிப்பில் 'பி' என்ற எழுத்து மெல்ல வாசிக்கச் சொல்லும் குறி. இரண்டு பி போட்டால் மிக மெல்ல. மூன்றுக்கு மேல் எழுதுவது அபூர்வம். சைக்கோவ்ஸ்கி அந்த இடத்தில் ஆறு பி எழுதியிருக்கிறார். கிளாரினெட் படிப்படியாக இறங்கி வந்து தேய்கிறது. கடைசி நான்கு சுரங்களை அவர் பசூனுக்குக் கொடுத்திருக்கிறார். பசூனில் அவ்வளவு மெல்ல ஊதுவது பெரும்பாடு என்பதால் பல நடத்துநர்கள் அந்த நான்கு சுரங்களை மட்டும் பாஸ் கிளாரினெட்டிடம் தள்ளிவிடுகிறார்கள். அது ஓய்ந்த அடுத்த கணமே முழுக் குழுவும் உரத்த குரலில் பாய்கிறது. 1893 அக்டோபர் 28 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சைக்கோவ்ஸ்கியே இதை நடத்தினார். ஒன்பது நாளில் இறந்துபோனார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இசையை, அதாவது ரொமாண்டிக் இசை என்று சொல்லப்படுவதை, பதிவில் கேட்பதன் சிக்கல் முழுவதும் இந்த ஒரு நொடியில் இருக்கிறது. பெர்லியோஸ், வாக்னர், புரூக்னர், மாலர், ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ் என்று வரிசையாக வந்தவர்கள் வாத்தியங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1910 செப்டம்பர் 12 அன்று மியூனிக்கில் மாலரின் எட்டாவது சிம்பொனி அரங்கேறியபோது பாடியவர்களும் வாசித்தவர்களும் சேர்ந்து ஆயிரம் பேரைத் தாண்டினார்கள். ஆனால் ஆள் கணக்கை வைத்து மட்டும் இந்த இசையின் பெருமையை அளந்தால் தப்பு. ஆயிரம் பேர் சேர்ந்து கத்துவது திருவிழாவிலும் நடக்கும். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் மேடையில் தொண்ணூற்றொன்பது பேர் சும்மா இருக்க ஒருவர் மட்டும் மூச்சைவிடுவதும், அடுத்த கணம் நூறு பேரும் எழுவதும், இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரமும்தான் இதன் அளவு. அந்தத் தூரத்தை ஒரு தட்டிலோ கைபேசியிலோ அடைத்து, தறிகளும் டிவியும் குக்கர் விசிலும் உள்ள ஒரு வீட்டில் திரும்ப விரிக்க முடியுமா?

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இது வெறும் ரசிகர் கவலை அல்ல. முழுநேரச் சம்பளத்தில் இயங்கும் தொழில்முறை சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா இந்தியாவில் ஒன்றே ஒன்று. அதுவும் 2006இல் மும்பையில் தொடங்கியது. சென்னையில் சேர்ந்திசைக்கு நீண்ட மரபு உண்டு. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893இலேயே வந்துவிட்டது. ஆனால் புரூக்னரின் எட்டாவதையோ மாலரின் மூன்றாவதையோ காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு ராத்திரி வீடு திரும்பும் வசதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே தென்னிந்தியக் காதுக்குப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா என்பது ஆரம்பம் முதலே பதிவான ஆர்க்கெஸ்ட்ராதான். மைக்கை எங்கே வைத்தார்கள், தட்டு எத்தனை நிமிடம் ஓடும், அறை எவ்வளவு அமைதி என்பதெல்லாம் இங்கே இசைக்கு வெளியே உள்ள விஷயங்களாக இருந்ததில்லை.

பதிவின் தொடக்க காலம் இந்த இசைக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. மின்சார மைக் வரும்வரை வாத்தியக்காரர்கள் ஒரு பெரிய கூம்புக் குழாயின் முன்னால் நெருக்கியடித்து நின்று வாசிக்க வேண்டும். அந்தக் குழாயில் சேரும் காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். வயலின் சத்தம் எட்டாது என்பதால் வயிற்றுப் பெட்டிக்குப் பதிலாக உலோகக் குழல் பொருத்திய ஸ்ட்ரோ வயலின்களை வைத்தார்கள். டபுள் பாஸின் தாழ்ந்த ஒலியைக் கூம்பு வாங்காது. அதற்குப் பதில் டியூபாவை ஊதச் சொன்னார்கள். 1913 நவம்பரில் ஆர்தர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கைக் கொண்டு பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை முழுதாகப் பதிவு செய்தது எட்டுப் பக்கங்களில். 1924இல் ஆஸ்கர் ஃபிரீட் இன்னும் துணிந்தார். மணி, ஆர்கன், இரண்டு பெண் தனிக்குரல், கோரஸ் எல்லாம் வேண்டியிருக்கும் மாலரின் இரண்டாவது சிம்பொனியை அதே கூம்பின் வழியாகப் பதினொரு தட்டுகளில், 22 பக்கங்களில் இறக்கினார். இன்று அதைக் கேட்டால் கிணற்றுக்குள் யாரோ பெரிய காரியம் செய்வதுபோல இருக்கிறது. ஆனாலும் பைத்தியக்காரத்தனமான அந்த முயற்சியின் மேல் ஒரு மரியாதை வருகிறது.

22 பக்கம் என்றால் 21 வெட்டு. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இசை அறுந்து, கேட்பவர் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை மாற்றி, விட்ட இடத்தை மனசுக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்கு இந்த வேலையை விளக்கவேண்டியதில்லை. பெட்னி போடுவது என்று ஒன்று உண்டு. உடல் பாவின் நிறம் முடிந்து முந்தியின் நிறம் தொடங்கும் இடத்தில் இரண்டு பாவையும் இழை இழையாகக் கோத்து இணைப்பது. நல்ல பெட்னியில் இணைப்பு உறுத்தாது. இசைத்தட்டுக் காலத்து ரசிகர் ஒவ்வொரு நான்கு நிமிடத்துக்கும் ஒரு பெட்னி போட்டார், தன் ஞாபகத்தில். அப்படிக் கேட்டுப் பழகியவர்களுக்குச் சிம்பொனியின் பக்க முடிவுகள் மனப்பாடம். மேடையில் கேட்கும்போதும் அந்த இடத்தில் கை எழத் துடிக்கும்.

அந்தத் தட்டுகள் எதனால் ஆனவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கல்தூளும் கரியும் அரக்கும் கலந்து அச்சில் அழுத்திய பண்டம் அது. அரக்கின் பெரும்பகுதி இந்தியாவில், சோட்டா நாக்பூர் பக்கத்துக் காடுகளில், பலாச மரத்திலும் கும்பாதிரி மரத்திலும் பூச்சிகள் சுரந்தது. 1902இல் கிராமஃபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்தவை ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த் தட்டாகித் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை வந்தது. பீத்தோவனின் பெர்லின் பதிவில்கூட இந்தியப் பூச்சியின் எச்சில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தத் தட்டுகளைத் தென்னிந்தியாவில் பெருமளவில் சேர்த்தவர் மைசூர் மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையார். 1919இல் பிறந்தவர். கர்நாடக இசையில் 94 கீர்த்தனைகள் இயற்றியவர். பியானோவும் முறையாகப் படித்தவர். 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராகக் கிண்டி ராஜ்பவனில் இருந்தவர் என்பது இங்கே பலருக்கும் நினைவில்லை. அவருடைய சேகரிப்பில் சுமார் 20,000 தட்டுகள் இருந்ததாகக் கணக்கு. லண்டனில் ஈ.எம்.ஐ. கம்பெனிக்காகப் பதிவுகள் தயாரித்த வால்டர் லெக் மைசூருக்கு அழைக்கப்பட்டு வந்து, அரண்மனையின் இசைத்தட்டு நூலகத்தையும் ஒலிபெருக்கிகளையும் வரிசையாக நின்ற பெரிய பியானோக்களையும் பார்த்து மலைத்துப்போனதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்போது மகாராஜாவுக்கு வயது முப்பதை ஒட்டி.

பணக்காரர் ஒருவர் தட்டு வாங்கிக் குவித்தார் என்பதோடு முடிந்திருந்தால் இந்தக் கதைக்கு இங்கே இடமில்லை. கேட்கக் கிடைக்காததைக் கேட்க வேண்டுமென்றால் அதைப் பதிவு செய்ய வைக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ரஷ்யாவிலிருந்து வெளியேறி லண்டனில் மறக்கப்பட்டவராக வாழ்ந்துகொண்டிருந்த நிக்கோலாய் மெட்னரின் இசை அவருக்குப் பிடித்தது. மெட்னர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தி, செலவை ஏற்று, வயதாகி நோயில் இருந்த அந்த மனிதரையே பியானோ முன் உட்கார வைத்து அவருடைய மூன்று கான்செர்ட்டோக்களையும் ஃபில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவோடு பதிவு செய்ய வைத்தார். மூன்றாவது கான்செர்ட்டோவை மெட்னர் மகாராஜாவுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். 1951இல் மெட்னர் இறந்தார். அவர் வாசிப்பை இன்று உலகம் கேட்க முடிகிறதென்றால் மைசூர்க்காரர் ஒருவரின் பிடிவாதம் அதற்கு ஒரு காரணம். ஃபில்ஹார்மோனியாவுக்கும் அதன் கச்சேரிச் சங்கத்துக்கும் ஆண்டுக்கு 10,000 பவுன் வீதம் மூன்றாண்டு தருவதாக அவர் ஒப்புக்கொண்டதை லெக் சொல்கிறார். 1949இல் நடத்துநர் கரயான் அதே குழுவைக் கொண்டு பாலகிரெவின் முதல் சிம்பொனியைப் பதிவு செய்ததும் மைசூர் உதவியால்தான்.

இவற்றிலெல்லாம் பெரிது 1950 மே 22. ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ் சாவதற்கு முந்தைய ஆண்டு, 84 வயதில், பெண் குரலுக்கும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய நான்கு கடைசிப் பாடல்கள் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அன்று அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டென் ஃப்ளாக்ஸ்டாட், நடத்தியவர் ஃபுர்ட்வாங்லர். நஷ்டம் வந்தால் ஈடுகட்ட 4,800 டாலருக்கு உத்தரவாதம் கொடுத்தவர் ஜயசாமராஜேந்திர உடையார். அவர் அரங்கில் இல்லை. கச்சேரியைத் தட்டில் பிடித்து மைசூருக்குக் கப்பலேற்றி அனுப்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ரொமாண்டிக் மரபின் கடைசிப் பெரும் படைப்பு என்று பலர் சொல்லும் ஒன்று அரங்கேற உதவியவர், அதைக் கேட்டது பல ஆயிரம் மைலுக்கு அப்பால், ஊசி வழியாக. அந்தப் பதிவு பிழைத்துப் பின்னாளில் குறுந்தகடாகவும் வந்தது. இரைச்சல் அதிகம், மெல்லிய இடங்களில் தட்டின் கரகரப்பே முன்னால் நிற்கிறது. நல்ல பதிவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தென்னிந்தியாவில் உட்கார்ந்து கேட்ட ஒருவர் லண்டனில் எது வாசிக்கப்படும், எது பதிவாகும் என்பதைத் தீர்மானித்தார். பதிவைக் கேட்பவர் வெறுமனே வாங்கிக்கொள்பவர், இசை வேறெங்கோ நடந்து முடிந்தது என்ற எண்ணத்தை இந்த ஒரு சான்று அசைத்துவிடுகிறது.

காஞ்சிபுரம் இதற்கு நேர் எதிரான ஒரு முடிவையும் பார்த்திருக்கிறது.

காஞ்சிபுரம் நாயனா பிள்ளை, 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர், லயத்தில் சிங்கம் என்று பெயரெடுத்தவர். அவர் கச்சேரியை 'ஃபுல் பெஞ்ச்' என்பார்கள். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைய பக்கவாத்தியம். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற ஜாம்பவான்கள் சுற்றி உட்கார்ந்து வாசிக்க, நடுவில் ஒரு குரல் கணக்குத் தப்பாமல் நிற்கும். கர்நாடக இசையில் ஆர்க்கெஸ்ட்ரா என்ற எண்ணத்துக்கு மிக அருகில் வந்த ஏற்பாடு இதுவாகத்தான் இருக்கும். நாயனா பிள்ளை இசைத்தட்டுக் கொடுக்கவில்லை. கிராமஃபோன் கம்பெனிகள் மதராசில் போட்டி போட்டுக்கொண்டு வித்வான்களைத் தேடிய காலம் அது. அவர் குரல் ஒரு பக்கத்தில்கூட இல்லை.

அவர் இசை அழிந்துபோனதா என்றால் அதுவும் இல்லை. அவர் நடத்திய தியாகராஜ உற்சவத்துக்குப் போய்க் கேட்டுக் கேட்டுப் பாடாந்தரம் சேர்த்தவர் 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள். பாடல்களைச் சகோதரர்களோடு சேர்ந்து அங்கேயே குறித்துக்கொண்டு வீட்டில் வந்து பாடிப் பார்த்திருக்கிறார். பாடகிச் சகோதரிகள் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரத்தில் தங்கி நாயனா பிள்ளையிடம் பாடம் கேட்டார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் அவருடைய சீடர். பாட்டு இப்படிக் கைமாறி வந்துவிட்டது. வராமல் போனது அந்த மேடையின் மொத்தச் சத்தம். ஏழெட்டு வாத்தியம் சேர்ந்து தனியாவர்த்தனத்தின் உச்சிக்கு ஏறும்போது அறை எப்படி இருந்தது என்பதை யார் கையிலும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. பாடாந்தரத்தைச் சீடர் சுமக்கலாம்; பெருத்த ஒலியைச் சுமக்க இயந்திரம்தான் வேண்டும்.

நம் மரபின் பெருமை பெரும்பாலும் நேரத்தில் இருக்கிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். கோவில் வீதியில் ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் விரித்தார் என்றால் அது அளவில் எந்தச் சிம்பொனிக்கும் குறைந்ததில்லை. ஆனால் அவர் வாசிக்க ஒரு நாயனமும் தவிலும் துணை நாயனமும் ஒத்தும் போதும். நாயனம் உரத்த வாத்தியம். அதில் ஆறு பி கிடையாது. அதனால்தான் அவருடைய தோடி நாலு நிமிடத் தட்டில் குறுகியபோதும் அதன் குணம் கெடாமல் வந்தது, டீக்கடை ஸ்பீக்கரிலும் தோடியாகவே ஒலித்தது. சைக்கோவ்ஸ்கிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவரிடமிருந்து நேரத்தை வெட்டினாலும் தாங்கும். உரத்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள இடைவெளியை வெட்டினால் தாங்காது.

இடைவெளியை டெசிபெல்லில் அளக்கிறார்கள். பத்து டெசிபெல் ஏறினால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இருமடங்காகத் தெரியும். நல்ல அரங்கில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் மெல்லிய இடத்துக்கும் உச்சத்துக்கும் 70 டெசிபெல்லை எட்டும் வித்தியாசம் இருக்கும். அரக்குத் தட்டு தாங்கியது சுமார் 40. 1948இல் வந்த எல்.பி. வினைல் தட்டு அதை 60ஐ ஒட்டிக் கொண்டுபோனது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியதால் வெட்டும் குறைந்தது. குறுந்தகட்டின் கணக்கு 96. சோதனையாக முதலில் அச்சிட்ட குறுந்தகட்டில் ஸ்ட்ராவுஸின் ஆல்பைன் சிம்பொனி இருந்தது என்பதில் ஒரு பொருத்தம் உண்டு. மலையடிவாரத்து இருளில் தொடங்கி, சிகரம் ஏறி, புயலில் இறங்கும் இசை அது. அன்றிலிருந்து தட்டின் பக்கம் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அறையின் பக்கம்.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். கூடத்தில் குழித்தறி, நெசவாளி குழிக்குள் காலை விட்டு மிதியை மாற்றி மிதிக்க, விழுது மேலும் கீழும் ஏறி இறங்க, மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டை ஒன்றொன்றாகப் புரள, நாடா பாவுக்குள் ஓடி மறுகரை தொடும். அச்சுப் பலகை ஊடையை வந்து அறையும். கோர்வைச் சேலை என்றால் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைக் கொடுத்து வாங்க வேண்டும், பேச்சும் நடக்கும். ஒரு தறியின் சத்தம் தாளம். பக்கத்து வீட்டுத் தறியும் எதிர்வீட்டுத் தறியும் சேரும்போது தாளம் போய் ஒரு விரிப்பு ஆகிவிடுகிறது. அந்த விரிப்புக்குக் கீழே இருக்கும் எந்த ஒலியும் கேட்காது. புரூக்னரின் சிம்பொனிகள் பலவும் தொடங்குவதே வயலின்களின் நடுக்கத்தில், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒலியில். மாலரின் முதல் சிம்பொனி ஒரே சுரத்தை ஏழு ஸ்தாயியில் பரப்பி மிக மெல்லப் பிடித்து நிற்கிறது, விடியற்காலை மாதிரி. பகலில் இங்கே போட்டால் மாலருக்கு விடியவே விடியாது.

சத்தத்தைக் கூட்டினால் உச்சம் வரும்போது சுவர் அதிரும். பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வரும். ராத்திரி தறி ஓய்ந்த பிறகு கேட்கலாம் என்றால் அப்போது சத்தத்தைக் குறைக்க வேண்டும், குழந்தைகள் தூங்குகின்றன. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1933இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது இது: சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த சுருதிகள் மற்றவற்றைவிட வேகமாகக் காதிலிருந்து மறைகின்றன. வால்யூமைப் பாதியாக்கினால் ஆர்க்கெஸ்ட்ரா பாதியாகச் சிறுப்பதில்லை. டபுள் பாஸும் செல்லோவும் டிம்பனியும் முதலில் கழன்று விழுகின்றன, வயலினும் புல்லாங்குழலும் நிற்கின்றன. அடித்தளம் போய் மாடி மட்டும் மிஞ்சும். ரொமாண்டிக் இசையமைப்பாளர்கள் எடையை வைத்ததே அந்த அடித்தளத்தில்.

போன் ஸ்பீக்கரின் கதை இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும். டபுள் பாஸின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 அதிர்வு. விரல்நகம் அளவு ஸ்பீக்கரில் அது வரவே வராது. ஆனாலும் பாஸ் கேட்பதுபோல இருக்கிறது. காரணம் ஸ்பீக்கரில் இல்லை, மூளையில். ஒரு சுரத்தின் மேலடுக்கு அதிர்வுகள் மட்டும் காதுக்கு வந்தாலே, அவற்றுக்கு அடியில் இருந்திருக்க வேண்டிய ஆதார சுருதியை மூளை தானே ஊகித்து வைத்துக்கொள்கிறது. டிரான்சிஸ்டர் காலத்திலிருந்து தமிழ் வீடுகள் பாஸ் கிட்டாரையும் தவிலின் இடந்தலையையும் இப்படித்தான் கேட்டு வந்திருக்கின்றன. எடை மட்டும் வராது. நெஞ்சில் இடிக்க வேண்டியது காதில் ஒரு குறிப்பாக நின்றுவிடும்.

காதுக்குள் நன்றாக அடைத்து உட்காரும் சாதாரண வயர் இயர்போன் இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்க்கிறது என்பதை விலையுயர்ந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொள்ள விரும்பமாட்டார்கள். வெளிச்சத்தம் அடைபடுகிறது, மெல்லிய இடம் மேலே வருகிறது, பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவில்லை. இழப்பு வேறு: ஆர்க்கெஸ்ட்ரா எதிரே பரந்து உட்காராமல் மண்டைக்குள் குடிபுகுந்துவிடும். அமாவாசைக்குத் தறி ஓடாது என்பது நெசவாளர்களின் பழைய வழக்கம். பிள்ளையார்பாளையத்தில் மாலரின் முதல் சிம்பொனியை ஸ்பீக்கரில் தொடங்க அதைவிட நல்ல நாள் இல்லை.

அறை எவ்வளவு படுத்தினாலும், பதிவு எப்போதும் அரங்குக்கு ஒரு படி கீழே என்று சொல்லிவிட முடியாது. 1958 முதல் 1965 வரை வியன்னாவின் சோஃபியன்சால் மண்டபத்தில் டெக்கா கம்பெனிக்காக ஜான் கல்ஷா வாக்னரின் ரிங் நாடகங்கள் நான்கையும் ஜார்ஜ் ஷோல்டியின் தலைமையில் பதிவு செய்தார். முதல் நாடகத்தில் பாதாளத்துக் குள்ளர்கள் அடிக்கும் பட்டடைக் கற்களுக்கு வாக்னர் பதினெட்டு என்று எழுதியிருக்கிறார். நாடக அரங்குகளில் அதை எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். கல்ஷா நிஜமாகவே பதினெட்டுப் பட்டடைகளைத் தேடிப் பிடித்து, பதினெட்டுப் பேரை வைத்து அடிக்கச் செய்தார். பெரும்பாலான அரங்குகளில் கிடைக்காதது தட்டில் கிடைத்தது. அதே மண்டபத்தில் 1975இல் பம்பாய்க்காரர் ஜுபின் மேத்தா வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை வைத்து மாலரின் இரண்டாவதைப் பதிவு செய்தார். இன்றும் அந்தப் படைப்புக்கு முதலில் சிபாரிசு செய்யப்படும் பதிவுகளில் ஒன்று. தந்தை மேலி மேத்தாவின் பம்பாய் சிம்பொனியையும் வீட்டுத் தட்டுகளையும் கேட்டு வளர்ந்தவர் ஜுபின். 1954இல் படிக்கப் போய் வியன்னா குழுவை அதன் சொந்த அரங்கில் முதன்முறை கேட்டபோது, இப்படி ஓர் ஒலி இருக்கும் என்று அதுவரை நினைத்ததில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். தட்டில் வளர்ந்த காது பிறகு தட்டுகளைச் செய்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு இளையராஜாவிடம் வந்து நிற்காமல் போகாது. பண்ணைப்புரத்திலிருந்து வந்து சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும் குறிப்பெழுதும் முறையும் கற்றவர். சிம்பொனி என்ற பெயரைக் கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்கள் கூட்டு வயலின்களும் ஹார்ன்களும் பொங்கி வருவதை அவருடைய ரீ-ரெக்கார்டிங்கில்தான் முதலில் கேட்டார்கள், டூரிங் டாக்கீஸ் ஸ்பீக்கரில். 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த அவருடைய திருவாசகம் வந்தபோது மாணிக்கவாசகரும் நூறு வாத்தியமும் ஒரே குறுந்தகட்டில் வீட்டுக்கு வந்தார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் 'வேலியன்ட்' என்ற அவருடைய சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவினர் மிக்கேல் டாம்ஸின் தலைமையில் வாசித்தார்கள். அரங்கிலிருந்து போனில் எடுத்த துண்டுகள் அன்றிரவே தமிழ்நாடு முழுக்கச் சுற்றின.

சென்னை திரும்பியதும் விமான நிலையத்தில் அவர் சொன்னது, அதை டவுன்லோட் செய்து கேட்காதீர்கள், எண்பது பேர் வாசிப்பதை நேரில்தான் கேட்க வேண்டும் என்பது. ஒலி பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. போனில் எடுத்த துண்டு சிம்பொனியே அல்ல. போனின் மைக் மெல்லியதை உயர்த்தி உரத்ததை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடுகிறது. ஆனால் நேரில் என்பது பிள்ளையார்பாளையத்தில் பெரும்பாலோருக்கு எட்டாத சொல், மைசூர் மகாராஜாவுக்கே 1950இல் எட்டவில்லை. அதோடு, 1993இல் லண்டனில் ஜான் ஸ்காட் நடத்த ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசித்த இளையராஜாவின் முந்தைய சிம்பொனி ஒன்று இருக்கிறது. அது மேடைக்கே வரவில்லை. ஒலிப்பதிவுக்காக வாசிக்கப்பட்டதோடு சரி. முப்பது ஆண்டு கடந்தும் அந்தப் பதிவு வெளியாகவில்லை. அந்தச் சிம்பொனியை நேரில் கேட்கவும் வழியில்லை, வீட்டில் கேட்கவும் வழியில்லை. நாடாவைப் பெட்டியிலிருந்து எடுத்து யாராவது வெளியிட்டால்தான் உண்டு.